வலை ஈயம்

என் வேலை லாரிக்குப் பின்னாடி. புகைக் குழாய்க்குள் ஒரு குழலை விட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். குழலிலிருந்து ரப்பர் ட்யூப் எங்கள் வேனுக்குள் போகும். வேனில் மீட்டர் பெட்டி, லேப்டாப், பிரிண்டர் இருக்கும். டிரைவர் ஆக்சிலேட்டரை அடிமட்டம் வரைக்கும் மிதிக்க வேண்டும், விட வேண்டும், மறுபடி மிதிக்க வேண்டும். புகை எவ்வளவு கறுப்பு என்று மீட்டர் நம்பரில் காட்டும். பழைய லாரி என்றால் அறுபத்தைந்துக்குள் வர வேண்டும். மேலே போனால் ஃபெயில்.

ஃபெயில் ஆனால் மீட்டரை யாரும் திட்ட மாட்டார்கள். என்னைத் திட்டுவார்கள்.

வேன் முதலாளி டவுனில் இருக்கிறார். அவரை இங்கே யாருக்கும் தெரியாது. லேப்டாப்பில் உட்காருகிறவர் டிப்ளமா படித்த பெண். லைசென்ஸ் அவர் பேரில். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை அண்ணா என்பார். நான் ஐந்தாவது வரைக்கும்தான். வேன் ஓட்டுவேன், குழல் பிடிப்பேன்.

நல்லம்பள்ளி தாண்டி பைபாஸ் ஓரம் லாரி நிற்கும் காலியிடம் ஒன்று உண்டு. வேனை அங்கேதான் போடுவோம். தொப்பூர் கணவாய் ஏறி வந்த வண்டிகள் அங்கே நின்று மூச்சு வாங்கும். இஞ்சின் சூடாக இருக்கும். சூடு இல்லாத இஞ்சினில் டெஸ்ட் எடுக்கக் கூடாது. அதனால் அந்த இடம்.

அங்கே ஒரு டீக்கடை. நான் போனால் பெஞ்சில் இருக்கிறவர்கள் காலை அகட்டிக்கொள்வார்கள். இடம் இல்லையாம். நின்று குடிப்பேன்.

"சைலன்சர் டாக்டர் வராருடா. லுங்கிய இறுக்கிக் கட்டிக்க."

சிரிப்பார்கள். டம்ளரை வைத்துவிட்டு வருவேன். ஒரு நாள் வேன் கண்ணாடி முழுக்கக் கழிவு ஆயில் ஊற்றியிருந்தார்கள். சோப்புத்தூள் போட்டுத் துடைத்தேன். இன்னொரு நாள் ரப்பர் ட்யூபை அறுத்திருந்தார்கள். வேறு மாட்டினேன்.

கோபம் ஏன் என்று எனக்குத் தெரியும். நானும் இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டினவன். ஸ்டியரிங் பிடித்தவன் பின்னாடி வந்து குழல் பிடித்தால் ஆகாது. இன்னொன்றும் உண்டு. குழலை முழுசாக உள்ளே விடாமல் ஒரு சாண் வெளியே இழுத்துப் பிடித்தால் காற்று கலந்துவிடும். மீட்டர் இறங்கும். ஃபெயில் ஆகிற வண்டி பாஸ் ஆகும். நான் அப்படிப் பிடித்ததில்லை. பெரிய கோபம் அதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மச்சானின் லாரி வந்து நின்றது.

மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன். அந்த லாரியை ஒன்பது வருஷம் ஓட்டியது நான். சேலத்தில் கட்டடக் கம்பி ஏற்றி, கணவாய் ஏறி, ஓசூரில் இறக்குவது. அவருக்கு அது ஒன்றுதான் வண்டி. பிறகு அவர் மகன் ஹெவி லைசென்ஸ் எடுத்தான். மறுநாள் மச்சான் என் வீட்டு வாசலில் வந்து கையை நீட்டினார்.

"சாவி" என்றார்.

கொடுத்தேன். அதோடு பேச்சு நின்றது. மூன்று வருஷம் ஆகிறது. அப்புறம்தான் இந்த வேன் வேலைக்கு வந்தேன்.

மகன் ஸ்டியரிங்கில் இருந்தான். மச்சான் இடது பக்கம் இறங்கினார். வாயில் வெற்றிலை. என் காலுக்கு ஓரடி தள்ளித் துப்பினார். நேராக மேடத்திடம் போனார்.

"வெள்ளிக்கிழமை எஃப்.சி.ங்க. முன்ன மாதிரி இல்ல, இப்ப புகைச் சீட்டு இல்லாம வண்டியவே பாக்க மாட்டேங்கறாங்க. டவுன்ல ரெண்டு எடத்துல போட்டுட்டேன். ஃபெயிலுங்கறான்."

எஃப்.சி. என்பது வண்டி ரோட்டில் ஓடத் தகுதி என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுப்பது. அது இல்லாவிட்டால் லாரி நின்ற இடத்தில் நிற்க வேண்டும். இந்தத் தடவை எஃப்.சி. ஆகவில்லை என்றால் காயலான் கடைக்குத் தள்ளிவிடலாம் என்று மகன் சொல்லிவிட்டான். இதெல்லாம் வீட்டுக்காரி வழியாக எனக்குத் தெரியும். அவர் எங்கள் வேனைத் தேடி வந்ததும் அவள் சொல்லித்தான். "அங்க இவரு இருக்காரு, பாத்துக்குவாரு" என்று சொல்லியிருக்கிறாள்.

பாத்துக்குவாரு என்றால் ஒரு சாண்.

அவர் கேட்க மாட்டார். கேட்டாலும் நான் செய்ய மாட்டேன். குழலை முழுசாக விட்டேன். மகன் மிதித்தான். கறுப்பாக வந்தது. என் சட்டைக் கை வரைக்கும் கரி.

"எண்பத்து நாலுங்க" என்றார் மேடம். "ஃபெயில்."

மச்சான் பின்னாடி வந்தார். மூன்று வருஷம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு இது.

"எங்க வூட்டுச் சோறு தின்ன கை. நல்லா ஆழமாத்தான் வுடுது."

"முழுசா விட்டாத்தான் மச்சான் டெஸ்ட்டு."

"ஆமா. நீ பெரிய யோக்கியன். ஊருக்கே தெரியும்."

டீக்கடைப் பக்கம் கேட்கிற மாதிரிதான் சொன்னார். அங்கே சிரிப்பு வந்தது.

"சொந்த மச்சானையே வுடலடா. நம்மள வுடுவானா?" என்றான் ஒருத்தன்.

லாரி போய்விட்டது. நான் கையைக் கழுவினேன்.

புதன்கிழமை மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை கூட ஒரு மெக்கானிக். நாசில் ஆறையும் கழற்றிப் பார்த்தானாம். ஏர் ஃபில்டர் புதுசாம். டேப்பட் சரி பண்ணினானாம். நின்ற இடத்திலேயே வரிசையாகச் சொன்னான். டெஸ்ட் போட்டோம். எண்பத்தொன்று.

"டீசல் பம்ப்ப பாத்தீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"அதுல கை வைக்க வேண்டியதில்லீங்க. சீலு அப்பிடியே இருக்குது. கம்பெனியில போட்டது. பதினஞ்சு வருஷமா ஒருத்தனும் தொடல. சீலு போட்ட பம்ப்ப நான் தொட்டேன்னா அப்புறம் எது வந்தாலும் என் தலையிலதான் விழும்."

மச்சான் தலையை ஆட்டினார். "அந்தப் பம்ப்ப வெச்சுத்தான் என் வண்டி அந்த இழுப்பு இழுத்துச்சு" என்றார்.

நான் ட்யூபைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

அந்தச் சீல் கம்பெனி போட்டது இல்லை. நான் போட்டது.

அந்த லாரியை ஓட்ட ஆரம்பித்து இரண்டாவது வருஷம். கம்பி லோடோடு கணவாய் ஏறினால் வண்டி முனகும். கூட வந்த வண்டியெல்லாம் முந்திப் போய்விடும். மச்சான் போன் போடுவார்.

"எங்க இருக்கற?"

"கணவாய்ல."

"இன்னுமா? அவன் அவன் ஓசூர்ல இறக்கிட்டுத் திரும்பிட்டான். நீ லாரி ஓட்டறியா, எருமை ஓட்டறியா?"

தினமும் இதே. சொந்தக்காரர்கள் கூடின இடத்தில் ஒரு தடவை எல்லார் முன்னாடியும் சொன்னார். எருமைக்காரன் என்றார். வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

டீசல் பம்ப்பில் ஒரு திருகாணி உண்டு. இஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்பது அதில் இருக்கிறது. கம்பெனியில் அதை வைத்து, கம்பி கோர்த்து, ஈயத்தில் சீல் வைத்திருப்பார்கள். யாரும் திருகக் கூடாது. திருகினால் டீசல் கூடப் போகும், வண்டி இழுக்கும். கூடப் போன டீசல் சரியாக எரியாமல் கறுப்புப் புகையாக வெளியே வரும். லைனில் இருக்கிற எல்லா டிரைவருக்கும் இது தெரியும். சீல் அறுந்தால் முதலாளிக்கும் தெரிந்துவிடும். அதனால் தொட மாட்டார்கள்.

ஒகேனக்கல்லுக்கு ஒரு லோடு போனேன். இறக்கிவிட்டு ஆற்றோரம் போனேன். ஒருத்தர் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். வலையின் ஓரத்தில் கோர்க்கிற ஈயக் குண்டு டப்பாவில் இருந்தது. ஒன்று கேட்டேன்.

"லாரிக்காரனுக்கு ஈயம் எதுக்கு?"

"மீனுக்குத்தான்."

"புடிச்சா தலை எனக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டாகக் கொடுத்தார்.

அன்றைக்கே ரோட்டோரம் வண்டியை நிறுத்தி வேலையை முடித்தேன். பழைய சீலை அறுத்தேன். திருகாணி எந்த இடத்தில் இருக்கிறது என்று ரம்பத் தகட்டால் ஒரு கீறல் போட்டேன். ஒன்றே கால் சுற்று உள்ளே திருகினேன். கம்பி கோர்த்தேன். வலை ஈயத்தைக் கோர்த்து நசுக்கினேன். மேலே எழுத்து எதுவும் இல்லாமல் மொட்டையாக இருந்தது. ஒரு போல்ட்டுத் தலையில் நம்பர் இருந்தது. அதை ஈயத்தில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. நம்பர் திரும்பி விழுந்தது. யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள். மேலே கிரீஸ் தடவினேன். ஒரு வாரத்தில் தூசி ஒட்டிக்கொண்டது.

அதற்கப்புறம் வண்டி இழுத்தது. கணவாயில் என்னை முந்தின வண்டியையெல்லாம் நான் முந்தினேன். பின்னாடி பைக்கில் வருகிறவன் முகத்தை மூடிக்கொள்வதைக் கண்ணாடியில் பார்ப்பேன். பார்த்துவிட்டு ரோட்டைப் பார்ப்பேன். மச்சான் எருமை என்பதை விட்டுவிட்டார். ஸ்டாண்டில் நின்று கேபின் கதவைத் தட்டிச் சொல்வார். "இந்த ஸ்டாண்டுலயே இந்த இழுப்பு எந்த வண்டிக்கும் கெடையாது. நான் பாத்துப் பொறுக்கி எடுத்த வண்டி." நான் பக்கத்தில் நிற்பேன்.

மறந்துபோயிருந்தேன் என்று எழுதினால் பொய். செவ்வாய்க்கிழமை எண்பத்து நாலு என்று மேடம் சொன்னபோதே எதனால் என்று தெரியும். வாயைத் திறக்கவில்லை. சாவி வாங்கின கோபம் இருந்தது. நிற்கட்டும் என்று இருந்தேன். எப்படியும் ஒரு மெக்கானிக் பம்ப்பைப் பார்ப்பான், கண்டுபிடிப்பான், எனக்குத் திட்டு வரும், வரட்டும் என்றும் இருந்தேன். பம்ப்பில் கை வைக்க வேண்டியதில்லை என்று அந்த மெக்கானிக் சொன்ன பிறகுதான் புரிந்தது. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நாசிலை மாற்றுவார்கள், அதை மாற்றுவார்கள், இதை மாற்றுவார்கள். கடைசியில் லாரியைக் காயலான் கடைக்காரன் அறுப்பான். அந்தச் சீல் அப்போதும் அப்படியே இருக்கும்.

அன்றைக்கும் சொல்லவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். ட்யூபைச் சுருட்டி வேனில் வைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்கண்ணன் வூட்டுல இன்னிக்கி யாரும் சாப்பிடல. காயலான் கடைக்காரன் வந்து டயரு டயரா எட்டி உதைச்சுப் பாத்துட்டுப் போயிருக்கான்."

சாப்பிட்டேன்.

"ஒரு சாண் வெளிய புடிச்சா கை அழுகிடுமா?"

"பிடிக்க மாட்டேன்."

"எவன் பாக்கறான்?"

"பிடிக்க மாட்டேன்."

"அப்ப எங்கண்ணன் ரோட்டுல நிக்கட்டும். உனக்கு அதுதான வேணும்."

அவள் சொன்னது சரி. செவ்வாய்க்கிழமை வரைக்கும் எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

படுத்து யோசித்தேன். ஒரு சாண் பிடித்தால் வண்டி பாஸ். மச்சானுக்கு எஃப்.சி. வீட்டில் சமாதானம். சீல் யாருக்கும் தெரியாது. எல்லாம் சுலபம். அப்படிச் செய்தால் அந்த லாரி கறுப்பாகக் கக்கிக்கொண்டே இன்னும் ரொம்ப நாள் ஓடும். அடுத்த தடவையும் நான்தான் ஒரு சாண் பிடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை ஸ்பேனர், கட்டிங் பிளேயர், ஸ்குரூ டிரைவர் மூன்றையும் துணியில் சுருட்டி எடுத்துப் போனேன்.

பதினொரு மணிக்கு லாரி வந்தது. மகன், மச்சான், மெக்கானிக். மச்சான் முகம் சவரம் பண்ணாமல் இருந்தது. நான் குழலை எடுக்கவில்லை. லாரியின் முன்பக்கம் போனேன்.

"கேபினைத் தூக்கு" என்றேன் மகனிடம்.

"எதுக்கு?" என்றார் மச்சான்.

"பம்ப்பப் பாக்கணும்."

மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. "சீலு இருக்குதுன்னு நேத்தே சொன்னேன். கொழா புடிக்கறவரு எனக்குச் சொல்லித் தராரா?"

"அது நான் போட்ட சீல்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். அப்புறம் நாலு பேர். மகன் கேபினைத் தூக்கினான். பிளேயரால் கம்பியை அறுத்தேன். ஈயத்தை மெக்கானிக் கையில் வைத்தேன். அவன் கிரீஸைத் துடைத்தான். வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

"நம்பரு திரும்பி இருக்குது" என்றான். பிறகு சிரித்தான். சிரித்துச் சிரித்து இருமினான். "அட, இது மீன் வலையில கட்டற ஈயம்யா! இதையா நான் கம்பெனி சீலுன்னு..."

மச்சான் சிரிக்கவில்லை.

"எப்ப?"

"ரெண்டாம் வருஷம்."

"எதுக்கு?"

"எருமை ஓட்டறியான்னு கேட்டீங்க."

அறைந்தார். காதோடு சேர்ந்து விழுந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பேனர் கையிலேயே இருந்தது. கீழே போடவில்லை, தூக்கவும் இல்லை. மெக்கானிக் அவரைப் பிடித்துக்கொண்டான்.

"விடு. இன்னொண்ணு குடுக்கறேன்."

"மொதல்ல அவரு திருகட்டுங்க. அப்புறம் குடுங்க. பம்ப்பு கடைக்குக் கொண்டு போனா மூணு நாளாகும். உங்களுக்கு நாளைக்கி எஃப்.சி." என்றான் மெக்கானிக்.

ரம்பக் கீறலைத் தேடினேன். இருந்தது. ஒன்றே கால் சுற்று வெளியே எடுத்தேன். கீறலுக்குக் கீறல் நிறுத்தி இறுக்கினேன். காது கொதித்தது.

கேபினை இறக்கினோம். பின்னாடி போனேன். குழலை விட்டேன். மேடம் வேனிலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணா, குழல் முழுசா உள்ள இருக்குதா?"

"இருக்குதுங்க."

அவர் இறங்கி வந்தார். குனிந்து பார்த்தார். குழலைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார். அதன்பிறகு போய் உட்கார்ந்தார். மூன்று வருஷத்தில் அவர் இறங்கி வந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. மச்சான் விட்ட அறை இந்த அளவுக்கு வலிக்கவில்லை.

மகன் மிதித்தான். புகை வந்தது. சாம்பல் மாதிரி வந்தது, கறுப்பு இல்லை. மறுபடி மிதித்தான். மறுபடி.

"ஐம்பத்தேழு. பாஸ்."

யாரும் கை தட்டவில்லை. பிரிண்டர் சத்தம் கேட்டது. மேடம் சீட்டை என்னிடம் தரவில்லை, மச்சானிடம் நேராகத் தந்தார். மச்சான் அதைப் பார்க்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மெக்கானிக்கைக் கேட்டார்.

"இனி கணவாய் ஏறுமா?"

"ஏறும். மெதுவா ஏறும். இதுதான் இந்த வண்டியோட நெசமான இழுப்பு. எஃப்.சி. முடிஞ்சதும் பம்ப்பு கடையில குடுத்து ஒழுங்கா ஒரு சீலு போட்டுக்கங்க."

மச்சான் கேபின் கதவைப் பார்த்தார். தட்டவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"என் வண்டி, என் வண்டின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே. பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தியேடா. உள்ளுக்குள்ள சிரிச்சியா?"

"இல்லீங்க."

"சிரிச்சிருப்ப. இனிமே என் வூட்டு வாசப்படிய மிதிச்ச, கால ஒடிப்பேன்."

மூன்று வருஷமாக மிதிக்கவில்லை. குழலை உருவினேன்.

வெள்ளிக்கிழமை எஃப்.சி. ஆகிவிட்டது. காயலான் கடைக்காரன் திரும்பிப் போய்விட்டான். வீட்டுக்காரிக்கு அண்ணன் வீட்டிலிருந்து விஷயம் முழுக்க வந்து சேர்ந்தது. "பத்து வருஷமா ஒரு வீட்டு வண்டிக்கு வெஷம் வெச்சிருக்கற" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பாயைத் தனியாகப் போட்டுக்கொண்டாள்.

மேடம் என்னை வேலையை விட்டு அனுப்பச் சொல்லவில்லை. முதலாளியிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் இறங்கி வந்து குழலைப் பார்க்கிறார். நான் தள்ளி நின்று காட்டுகிறேன். பார்க்கட்டும்.

டீக்கடையில் பேர் மாறிவிட்டது.

"மீன்காரரே, இன்னிக்கி என்ன மீனு? கெண்டையா, கெளுத்தியா?"

"ஈயக் கெண்டைடா. பம்ப்புல போட்டா மாட்டும்."

நின்றே குடிக்கிறேன்.

ஒன்றரை மாசம் கழித்து மீட்டரைச் சரிபார்க்கச் சேலம் போய்விட்டு வேனில் திரும்பிக்கொண்டிருந்தேன். தனியாகத்தான் வந்தேன். கணவாய் ஏறும்போது முன்னால் வண்டிகள் தேங்கி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வலது லேனில் ஒரு கம்பி லோடு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. பின்பக்கம் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒன்பது வருஷம் பார்த்த பின்பக்கம்.

மனுஷன் நடந்தாலே முந்திவிடலாம், அவ்வளவு மெதுவாக ஏறியது. ஹாரன் அடித்த ஒவ்வொருத்தனும் இடது பக்கம் முந்தும்போது கேபினைப் பார்த்து எதையோ கத்திவிட்டுப் போனான். ஒருத்தன் மாடு ஓட்டுவது மாதிரி நாக்கைத் தட்டினான். எனக்கு முன்னால் போன வேனிலிருந்து அது கேட்டது.

புகைக் குழாயைப் பார்த்தேன். கறுப்பு இல்லை.

நானும் இடது பக்கம்தான் முந்த வேண்டியிருந்தது. ஹாரன் அடிக்கவில்லை. கேபினுக்கு நேராக வந்தபோது மேலே பார்த்தேன். ஜன்னலில் மச்சான் இருந்தார். வேனை அவருக்குத் தெரியும். வாய் நிறைய வெற்றிலை. குறி பார்த்துத் துப்பினார். முன் கண்ணாடியில் சிவப்பாக வழிந்தது.

தண்ணீர் அடித்து வைப்பரைப் போட்டேன். ரோடு தெரிந்தது. கியரை மாற்றி மேலே ஏறினேன்.